தலைகீழாகத் தொங்கும் பூமி

அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, அண்ணி சமையலறையில் சாப்பாட்டு மேசையின் மேல் மல்லாந்து படுத்திருந்தார். கையில் ஒரு பென்சில். மேலே சீலிங்கில், படுக்கை விரிப்பு அளவுக்கு ஒரு வரைபடம் மூலைக்கு மூலை டேப் போட்டு ஒட்டியிருந்தது.

"என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு. சூரிய மண்டலம் படிச்சுக்கிட்டிருக்கேன். நீயும் ஏறு."

"மேசை தாங்குமா?"

"உங்க அண்ணன் ஏறினாத்தான் தாங்காது. நீ ஏறலாம்."

நான் ஏறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். அடுப்புப் பக்கம் நின்ற அம்மா கரண்டியைத் தட்டினாள்.

"மேசை சாப்பிடறதுக்கு. நான் சொன்னா இந்த வீட்டுல யாரு கேக்கறாங்க?"

"ஒரே நிமிஷம் அத்தை. வியாழன் வரைக்கும் வந்துட்டேன்."

"வியாழன் வரைக்கும் வந்துட்டாளாம். இங்கே சாப்பாடு ஆறிப்போகுது."

அண்ணி பென்சிலை நீட்டிக் காட்டினார். "இங்கே பாரு. அம்புக்குறி எல்லாம் ஒரே பக்கமா சுத்துது. இது ஒண்ணு மட்டும் எதிர்ப்பக்கம். அச்சுல தப்பா விழுந்துடுச்சா? பக்கத்துல உன் பாஷையில என்னமோ எழுதியிருக்கு, படி."

நான் பள்ளியில் இரண்டு மொழிகளில் படித்தவள். அதில் வீட்டில் யாருக்கும் வராத மொழிக்கு அண்ணி வைத்த பெயர் 'உன் பாஷை'.

"அது வெள்ளி, அண்ணி. தன்னைத்தானே எதிர்த்திசையில, ரொம்ப மெதுவா சுத்துமாம்."

"மெதுவான்னா?"

"ஒரு தடவை தன்னைச் சுத்தி முடிக்கறதுக்குள்ள சூரியனையே ஒரு சுத்து சுத்தி வந்துடுமாம்."

"அடேயப்பா. உங்க அண்ணன் ஞாயித்துக்கிழமை குளிக்கக் கிளம்பற மாதிரி."

"கேக்குது, கேக்குது," என்று முன்னறையிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. பின்னாலேயே ஆளும் வந்தான். அவனும் அண்ணாந்து பார்த்தான். "புளூட்டோவைக் காணோம்?"

"அதை வேலையை விட்டு நிறுத்தி எத்தனையோ வருஷமாச்சு. பேப்பர் படிக்கறதில்லையா?"

"யாரைக் கேட்டு நிறுத்தினாங்க?"

"உங்களைத்தான் தேடினாங்களாம். நீங்க குளிக்கப் போயிருந்தீங்களாம்."

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் நான் கேட்டேன்: "ஏன் அண்ணி, படத்தைக் கீழே விரிச்சே பாக்கலாமே? கழுத்து வலிக்காதா?"

அண்ணி என்னை ஒருமாதிரி பார்த்தார். "வேலை மேலே. படம் மட்டும் கீழே கிடந்தா எப்படி? எங்கே ஓட்டை போடணுமோ அங்கேயே படமும் இருக்கணும். நான் ஃபேன் மாட்டறதும் இப்படித்தான். படத்தை மேலே ஒட்டு, அதுமேலயே துளை போடு, கிழிச்சுப் போடு. தப்பே வராது."

அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

அண்ணி எங்கள் வீட்டுக்கு முதலில் வந்ததே ஒரு மின்விசிறியைப் பழுது பார்க்கத்தான். அதற்கு முன்பு மின்விசிறித் தொழிற்சாலையில், மோட்டாருக்குள் போகும் செம்புக் கம்பிச் சுருளான காயில் சுற்றும் வரிசையில் வேலை பார்த்தார். தொழிற்சாலை ஊர் மாறிப் போனதும் ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் சேர்ந்தார். அந்தக் கடைக்குத்தான் அண்ணன் போன் செய்திருந்தான். ஏணியோடு ஒரு பெண் வந்து நிற்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கு அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடுத்த வாரம் படுக்கையறை ஃபேன் கெட்டுப்போனது. அதற்கடுத்து சமையலறைப் புகைபோக்கி ஃபேன். பிறகு மிக்ஸி. "வீட்டுல இருந்த எல்லா மோட்டாரையும் கெடுத்து முடிச்சுட்டுத்தான் உங்க அண்ணன் கல்யாணப் பேச்சையே எடுத்தான்," என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அண்ணி முதலில் மேலேதான் பார்ப்பார். வீட்டுக்காரர்கள் வாங்க வாங்க என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் ஃபேன் மேல் இருக்கும். "பேரிங் போகப் போகுது," என்பார், நலம் விசாரிப்பதற்கு முன்பே. யார் வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பு என்பது நினைவில் நிற்காது. யார் வீட்டு ஃபேன் எந்தச் சத்தம் போடும் என்பது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

கடையில் அவருடைய இடம் பின்னறை. செம்புக் கம்பி சுற்றும் பட்டறை அங்கேதான் இருந்தது. சுவரைப் பார்த்தபடி உட்கார வேண்டும். முன்பக்கம் முதலாளி. பழுதான மோட்டாரோடு வருகிறவர்கள் முதலாளியிடம் சந்தேகம் கேட்பார்கள். முதலாளி திரும்பிப் பின்னறையில் கேட்பார். அண்ணி சொல்லும் பதிலை முதலாளி அப்படியே திரும்பி வந்தவர்களிடம் சொல்வார். சில சமயம் அண்ணி முன்னாலேயே நிற்பார், அப்போதும் வந்தவர்கள் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லையா?" என்பார்கள். முதலாளி கெட்டவர் இல்லை. 'அந்தம்மாதான் மெக்கானிக்' என்று சொல்ல அவருக்கு நேரம் வாய்ப்பதில்லை, அவ்வளவுதான்.

நகர நூலகத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு புதுக் கூடம் கட்டினார்கள். உயரமான கூடம். அதன் சீலிங்கில் சூரிய மண்டலம் தொங்க வேண்டும், தொங்கினால் போதாது, சுற்றவும் வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். வேலை அண்ணியின் முதலாளி கடைக்கு வந்தது. முதலாளிக்கு முட்டிவலி, ஏணி ஏற முடியாது. வரைபடம் அண்ணி கைக்கு வந்தது.

நூலகர் மெலிந்த, படபடப்பான மனிதர். வேலை தொடங்கிய அன்றே அண்ணியிடம் ஒரு விஷயம் சொன்னார். இந்தக் கூடத்தின் இயந்திரங்களையும் விளக்குகளையும் கவனித்துக்கொள்ள நூலகத்துக்கு நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும். சூரிய மண்டலம் சரியாக அமைந்து, பேராசிரியர் வந்து பார்த்து ஒப்புக்கொண்டு, திறப்பு விழா அன்று சுற்றவும் செய்தால், அந்த வேலை அதை மாட்டியவருக்கே. இல்லாவிட்டால் வேறு நிறுவனத்திலிருந்து ஆள் அனுப்புவார்கள்.

வீட்டில் அண்ணி இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று சாப்பிடும்போது தண்ணீரை இரண்டு முறை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். அண்ணன் அவரைக் கேலி செய்யாமல் மேசையைத் துடைத்தான். அதிலிருந்தே எனக்கு விஷயம் எவ்வளவு பெரியது என்று புரிந்துவிட்டது.

எனக்கு அப்போது வேலை கிடைத்திருக்கவில்லை. குறிப்புகளைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று அண்ணி என்னையும் தினமும் கூட்டிக்கொண்டு போனார். நான் கூடத்தில் கட்டியிருந்த சாரத்தின் அடியில் உட்கார்ந்து படிப்பேன். அவர் மேலே படுத்தபடி கேட்பார்.

அமைப்பு பார்க்க ஒரு ராட்சத மின்விசிறி மாதிரிதான் இருந்தது. நடுவில் சூரியனுக்கு ஒரு பெரிய விளக்கு. அதற்கு மேலே ஒரு மோட்டார். அதிலிருந்து எட்டுக் கைகள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, வேறு வேறு நீளத்தில். புதனின் கை குட்டையானது, வேகமாகச் சுற்றும். நெப்டியூனின் கை சுவரை எட்டித் தொடப் போவதுபோல நீண்டு, நகர்கிறதா நிற்கிறதா என்று சந்தேகம் வரும்படி நகரும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு சின்ன மோட்டார். அதிலிருந்து இறங்கும் கம்பியில் கிரகம். அது தன் பங்குக்குத் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும்.

வரைபடத்தில் இல்லாத ஒன்றை அண்ணி தானாகவே சேர்த்தார். ஒவ்வொரு கையின் அடியிலும் ஒரு சைக்கிள் ஃப்ரீவீல். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் 'கிர்ர்' என்று தன் போக்கில் ஓடுகிறதே, அதைச் செய்யும் பல்சக்கரம்தான். மின்சாரம் போய் மோட்டார் சட்டென்று நின்றாலும், ஒட்டடை அடிக்கிறவர் கோலால் ஒரு கையை முன்னால் தள்ளிவிட்டாலும் உள்ளே பல் உடையாது. "வியாழன் கனமான ஆளு. அவரைத் திடீர்னு நில்லுன்னா கோபம் வரும்," என்றார். ஃப்ரீவீல்களை அந்தந்தக் கையோடு சேர்த்தே வெல்டிங் வைத்துவிட்டார். அதில் அவருக்குப் பெருமை அதிகம்.

உருண்டைகளுக்கு வர்ணம் அடித்தவர் ஒரு வயதான பெயின்டர். கடைப் பலகைகள் எழுதுகிறவர். ஒவ்வொரு கிரகத்தையும் விண்கலங்கள் எடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்துத் தீட்டினார். "நிலாவுக்கு மட்டும் மோட்டார் வைக்கலையாம்மா?" என்று ஒருநாள் கேட்டார்.

"வேண்டாம்ண்ணே. அது பூமிக்கு எப்பவும் ஒரே முகத்தைத்தான் காட்டுமாம். பூமியைச் சுத்த எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்தான் தன்னைச் சுத்தறதுக்கும். கம்பியோட இறுக்கி மாட்டினா அதுவாவே நடந்துடும். ஒரே ஸ்க்ரூவுல ரெண்டு வேலை."

"அப்போ முதுகுக்கு வர்ணம் அடிக்க வேண்டாமே?"

"கூடத்துல அந்தப் பக்கம் நின்னு பாக்கறவங்களுக்கு முதுகும் தெரியும். அடிங்க."

பெயின்டர் முனகிக்கொண்டே நிலாவின் முதுகுக்கும் பள்ளம் பள்ளமாகத் தீட்டினார்.

எல்லாம் மாட்டி முடித்து, சுவிட்சைப் போட்டபோது ஒரு சத்தமும் இல்லை. எட்டுக் கைகளும் அலுங்காமல் குலுங்காமல் நகர்ந்தன. பூமி நீலமாகத் திரும்பியது; அதன் பக்கத்தில் நிலா ஒட்டிக்கொண்டே வந்தது. வெள்ளி மட்டும் யாருக்கோ முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோல மற்றப் பக்கம், மெதுவாக. அண்ணி கீழே நின்று இடுப்பில் கை வைத்து, நெடுநேரம் பார்த்தார்.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பேராசிரியர் வந்தார். வானியல் சொல்லிக் கொடுப்பவர். கழுத்தில் பட்டை போட்டிருந்தார். நூலகர் அவருக்கு நாற்காலி தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் கைப்பையைத் தலைக்கு வைத்து, தரையில் நீட்டிப் படுத்துவிட்டார்.

"மன்னிக்கணும். எனக்கு அண்ணாந்து பாக்க முடியாது, கழுத்துத் தேய்மானம்."

அண்ணிக்கு அவரை உடனே பிடித்துப்போனது. "அப்புறம் வானத்தை எப்படி மேடம் பாப்பீங்க?"

"கம்ப்யூட்டர்லதான். உண்மையான நட்சத்திரத்தைப் பாத்து ரொம்ப நாளாச்சு. போடுங்க, பாப்போம்."

சுற்ற ஆரம்பித்தது. பேராசிரியர் முதலில், "அருமை," என்றார். அடுத்து, "வெள்ளியை மறக்கலை பாருங்க," என்றார். பிறகு கையை மேலே நீட்டி, காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார்.

"ஏங்க, வட துருவம் மேலேதானே இருக்கு?"

"ஆமா மேடம். பூமி நேராத்தான் தொங்குது."

"அப்போ நான் இங்கே படுத்துக்கிட்டு தெற்குப் பக்கத்துலேர்ந்து பாக்கறேன். தெற்கேர்ந்து பாத்தா கிரகங்கள் கடிகார முள் போற பக்கமாத்தான் சுத்தணும். இது எதிர்ப்பக்கம் சுத்துதே."

"படத்துல அம்புக்குறி அப்படித்தானே மேடம் இருந்துச்சு? கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம்."

"படம் எப்பவும் வடக்கேர்ந்து, மேலே நின்னு பாக்கற மாதிரிதான் போடுவாங்க. தரையில விரிச்சு வெச்சுப் பாக்கணும்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். சமையலறைச் சீலிங்கில் ஒட்டியிருந்த அந்தக் காகிதம் எங்கள் இருவர் கண்ணிலும் ஒரே சமயத்தில் வந்திருக்க வேண்டும். ஃபேன் மாட்டுகிறவர்களுக்கு உலகமே கீழிருந்து மேலே பார்ப்பதுதான். வானத்தை மேலே நின்று கீழ்நோக்கிப் பார்த்து யாராவது படம் போடுவார்கள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

"மொத்த சூரிய மண்டலத்தையும் பின்னாடி ஓட விட்டுட்டேனா?" என்றார் அண்ணி.

"அப்படித்தான்," என்றார் பேராசிரியர், மிகவும் வருத்தத்தோடு.

நூலகர் கைக்குட்டையை எடுத்தார். "யாருக்குத் தெரியப் போகுது மேடம்? குழந்தைங்கதானே."

"தெரிஞ்ச ஒரு குழந்தை வந்தாப் போதும் சார்."

"மோட்டாரை மாத்திச் சுத்த விட்டா?" என்று நூலகர் அண்ணியைக் கேட்டார்.

அண்ணி சாரத்தில் ஏறினார். மோட்டாரில் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டு, "போடு," என்றார். நான் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஓடியது. ஒரு கைகூட நகரவில்லை. மேலே மட்டும், சைக்கிளைப் பின்னால் மிதித்தால் கேட்குமே, அந்த 'டிக்டிக்டிக்' சத்தம் எட்டு இடத்திலிருந்து கேட்டது.

ஃப்ரீவீல் ஒரு பக்கம்தான் இழுக்கும். அதை அவரே வெல்டிங் வைத்திருந்தார்.

"கழட்டித் திருப்பி வைக்க எவ்வளவு நேரமாகும்?" என்று நூலகர் மேலே பார்த்துக் கேட்டார்.

"எட்டையும் அறுக்கணும் சார். புதுசா பொருத்தி, எடை சரிபார்த்து... ஒரு வாரம்."

நூலகர் கொஞ்சம் நடந்தார், திரும்பி வந்தார். கடைசியில், நிறுத்தி வைத்தபடியே திறப்பு விழாவை நடத்திவிடலாம் என்றார். பிறகு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள் என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. அந்த 'ஆட்கள்' வந்தால் நிரந்தர வேலை யாருக்குப் போகும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அண்ணி இறங்கி வரவில்லை. ஒயரைப் பழையபடி மாற்றிவிட்டு, சாரத்தின் மேல் பலகையில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் மறுபடி சுவிட்சைப் போட்டேன், ஏதாவது அசைந்தால் தேவலை என்று. கிரகங்கள் அவர் காலுக்குக் கீழே தப்பான பக்கம் சுற்ற ஆரம்பித்தன. பேராசிரியரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் மேலே, ஒருவர் கீழே, நடுவில் சூரிய மண்டலம்.

"மேடம்," என்று கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து குரல் வந்தது. "நீங்க படுத்திருக்கற இடத்துலேர்ந்து பாத்தா, படத்துல இருக்கற மாதிரிதானே தெரியுது?"

"ஆமா. அச்சு அசலா."

"படம் வடக்கேர்ந்து பாக்கற படம்."

"ஆமா."

"அப்போ நீங்க படுத்திருக்கற இடம் வடக்கா இருந்தா இது சரிதானே?"

"சரிதான். ஆனா வடக்கு உங்க பக்கம் இருக்கே. பூமியோட வட துருவம் உங்களைத்தானே பாக்குது?"

"அது நான் மாட்டினதால அப்படிப் பாக்குது மேடம். ஸ்க்ரூதானே? கழட்டித் திருப்பி மாட்டிட்டா உங்களைப் பாக்கும்."

பேராசிரியர் சிரித்தார். கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, படுத்த இடத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நூலகர் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தார்.

"சார், அது சரி," என்றார் பேராசிரியர், மூச்சு வாங்கியபடி. "விண்வெளியில மேலேயும் கிடையாது, கீழேயும் கிடையாது. வடக்கை மேலே வெக்கணும்னு நாமதான் பழகிக்கிட்டோம். கிரகத்தையெல்லாம் திருப்பி மாட்டினா சுத்தறது அத்தனையும் சரி. வெள்ளியோட எதிர்ச்சுத்தும் சரி, நிலா சுத்தறதும் சரி. ஒரு ஃப்ரீவீலைக்கூடத் தொட வேண்டாம்."

"தலைகீழாவா?" என்றார் நூலகர்.

"யாருக்குத் தலைகீழ்?" என்றார் பேராசிரியர்.

நூலகருக்கு அது முழுவதும் பிடிபட்டதா என்று தெரியவில்லை. ஆனால் 'ஒரு வாரம்' என்ற பேச்சு போய்விட்டது என்பது பிடிபட்டது. கைக்குட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

பெயின்டரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கம்பி மாட்டின ஓட்டை எல்லாம் வட துருவத்துல இருக்கேம்மா. திருப்பினா எல்லார் கண்ணுக்கும் தெரியுமே?"

"அடைச்சுடலாம்ண்ணே. பூமிக்கு நல்லதாப் போச்சு, அங்கே பனிதானே, வெள்ளை பூசினாப் போதும்."

"சனிக்கு?"

பேராசிரியர் முந்திக்கொண்டார். "சனியோட வட துருவத்துல ஆறு பக்கம் உள்ள ஒரு மேகக் கட்டம் இருக்கு. விண்கலம் எடுத்த படம் தரேன். பூமிலேர்ந்து நிமிர்ந்து பாத்தா அந்த அழகு கிடைக்காது. நீங்க அதை வரையலாம், ஓட்டையும் மறையும்."

"ஆறு பக்கமா? மேகமா? யாரும்மா அங்கே ஸ்கேல் வெச்சு வரைஞ்சது?"

"அதைத்தான் நாங்களும் இன்னும் பேசிக்கிட்டிருக்கோம்," என்றார் பேராசிரியர்.

மறுநாள் காலையிலிருந்து வேலை. அண்ணி ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்குவார். தென் துருவத்தில் துளை போடுவார். பெயின்டர் வட துருவத்தை அடைத்துப் பூசுவார். காய்ந்ததும் மறுபடி மேலே போகும். பேராசிரியர் தன் வகுப்பை ரத்து செய்துவிட்டு வந்து, எங்களுக்கு டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்து, தரையில் படுத்தபடி மேற்பார்வை பார்த்தார். வெள்ளியைத் திருப்ப வேண்டியதில்லை என்று அவரே சொன்னார். அது முழுக்க மங்கலான மேகம், எந்தப் பக்கம் தலை என்று யாருக்கும் தெரியாது. "கிரகத்துலயே வெள்ளிதான் நல்ல பிள்ளை," என்று பெயின்டர் அதைத் தட்டிக் கொடுத்தார். யுரேனஸும் தப்பித்தது, சும்மா வெளிர் நீலம். புதனையும் விட்டுவிடலாமா என்று பெயின்டர் ஆசையாகக் கேட்டார்.

"புதனோட முகம் யாருக்குத் தெரியும் மேடம்?"

"எனக்குத் தெரியுமே," என்றார் பேராசிரியர். புதன் இறங்கியது.

நடுவில் முதலாளி வந்தார். கைத்தடியோடு வாசலில் நின்று பார்த்தார். "என்னம்மா, நேத்து மாட்டினதை இன்னைக்குக் கழட்டறே?"

"பூமியைப் புரட்டிப் போடறேன் முதலாளி."

"நீ செய்வே," என்றார் முதலாளி. கொஞ்ச நேரம் நின்றவர், போகும்போது நூலகரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அது என்னவென்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "ஃப்ரீவீல் வெக்கிற யோசனை அந்தம்மாவுது. என்னுதில்லை," என்று சொல்லியிருக்கிறார். ஒருவழியாக அவருக்கு நேரம் வாய்த்திருக்கிறது.

கடைசியாகப் பூமி மேலே போனது. சுவிட்சைப் போட்டதும் நானும் தரையில் படுத்தேன். படுத்துப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது, முன்பு நாங்கள் மாட்டியிருந்ததைவிட இது எவ்வளவு அழகு என்று. முன்பு கீழிருந்து பார்த்தால் தெற்குக் கடல்களும் ஒரு வெள்ளைத் திட்டும்தான் தெரிந்தன. இப்போது நடுவில் வட துருவத்துப் பனி. அதைச் சுற்றி நிலப்பரப்புகள், குளிருக்கு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்போல. வடக்கே வெகுதூரம் போன ஒரு விண்கலத்திலிருந்து பார்த்தால் பூமி இப்படித்தான் தெரியுமாம். செவ்வாய் துருவத்தில் தன் சின்ன வெள்ளைத் தொப்பியைக் காட்டியது. வியாழனின் சிவப்புப் புள்ளி கீழ்ப்பாதியிலிருந்து மேல்பாதிக்குப் போயிருந்தது. சனி தன் வளையங்களுக்கு நடுவே ஆறு பக்கக் கட்டத்தோடு வந்தது. பெயின்டர் எழுந்து நின்று கைதட்டினார், தனக்குத்தானே.

"சரியா மேடம்?" என்று மேலிருந்து அண்ணி கேட்டார்.

பேராசிரியர் காற்றில் மறுபடி வட்டம் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு கிரகத்துக்கும் தனித்தனியாகப் போட்டார். வெள்ளிக்கு இரண்டு முறை.

"சரி. சுத்தமா சரி. இறங்கி வந்து பாருங்க, உங்க வேலையை நீங்களே இன்னும் பாக்கலையே."

திறப்பு விழா அன்று குழந்தைகள் யாரும் நாற்காலியில் உட்காரவில்லை. பேராசிரியரைப் பார்த்து எல்லாரும் படுத்துவிட்டார்கள். பேச வந்த பெரியவர்கள் படுத்திருந்த கூட்டத்தைப் பார்த்துப் பேச வேண்டியதாயிற்று. அதனாலேயே சீக்கிரம் முடித்தார்கள். அம்மா ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், "எங்க மருமகள் மாட்டினது. எங்க வீட்டு மேசையிலதான் படிச்சா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் மட்டும் கூட்டத்தில் யார் கேட்கிறார்கள் என்று பார்க்காமல், "புளூட்டோ வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்," என்றான்.

விழா முடிந்து எல்லாரும் எழுந்துகொண்டிருந்தபோது, கண்ணாடி போட்ட ஒருவர் நேராக நூலகரிடம் போனார். "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா பூமியைத் தலைகீழா மாட்டிட்டாங்களே, யாரும் கவனிக்கலையா? மெக்கானிக் யாரு?"

நூலகர் கையைக் காட்டினார். அண்ணி அப்போது கூடத்தின் ஓரத்தில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் வந்து கேட்டதும் ஒயரைக் கீழே வைத்துவிட்டு, அவரைத் தரையில் படுக்கச் சொன்னார். அவர் முதலில் மறுத்தார், கோட்டு கசங்கும் என்றார். பிறகு படுத்தார். அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்து, கையை நீட்டி வட்டம் போட்டுக் காட்டி, வடக்கு தெற்கு சொல்லி, படம் ஒட்டின கதையையும் மறைக்காமல் சொன்னார். அவர் போகும்போது தன் மனைவியைக் கூப்பிட்டு அவளையும் படுக்க வைத்தார். இந்த முறை அவரே விளக்கினார். பாதியில் வடக்கும் தெற்கும் குழம்பிப்போய்த் திரும்ப அண்ணியிடம் வந்து கேட்டார்.

மறுவாரம் அண்ணி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னறை என்று அங்கே எதுவும் இல்லை. கூடத்தின் வாசலிலேயே ஒரு மேசையும் ஏணியும் கொடுத்தார்கள்.

சூரிய மண்டலத்துக்குக் கீழே ஒரு விளக்கப் பலகை வைக்க வேண்டும், இரண்டு மொழியிலும் எழுதித் தர முடியுமா என்று நூலகர் என்னைக் கேட்டிருந்தார். நான் நாலைந்து முறை திருத்தி எழுதினேன். கிரகங்களின் வரிசை, வெள்ளியின் எதிர்ச்சுற்று, யுரேனஸ் பக்கவாட்டில் சாய்ந்து உருள்வது, நிலாவின் ஒரே முகம். கடைசிப் பத்தியில், இங்கே பூமி ஏன் தலைகீழாகத் தெரிகிறது என்பதையும் கூடியவரை எளிமையாக விளக்கியிருந்தேன். பேராசிரியர் படித்துவிட்டு ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம் என்றார்.

அதை எடுத்துக்கொண்டு போய் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து, நெப்டியூனின் கைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே," என்றார். எண்ணெய்க் குப்பியை மூடினார். கீழே என்னைப் பார்த்தார். "எனக்காக ஒண்ணு பண்றியா? அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துடு. பூமி ஏன் இப்படித் தொங்குதுன்னு நீயே பலகையில சொல்லிட்டா, அப்புறம் என்கிட்ட யாரு வந்து கேப்பாங்க?"